அண்ணன் வயிற்றில் ஐந்து மாதம் தங்கிய கிருமி

அண்ணன் இப்போது பரவாயில்லை. படிப்பவர்கள் கடைசிவரை பதறிக்கொண்டு வரவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூரோங்கில் இருக்கும் தன் கம்பெனிக்கு மறுபடியும் வேலைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனால் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகப் பாடுகிறார். ஆனால் அந்தப் 'பரவாயில்லை'க்குள் ஒரு குறை இருக்கிறது. அது என்னால் வந்தது என்று நான் நம்புகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. புக்கிட் பாத்தோக்கில் தனியாக இருக்கிறேன். ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை. வயிற்றுப்போக்கு, வாந்தி என்று வருகிறவர்களின் மல மாதிரிகள் சின்னச் சின்ன டப்பாக்களில் எங்களிடம் வரும். அவற்றில் என்ன கிருமி இருக்கிறது என்று பிசிஆர் இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பது என் வேலை. கிருமியின் மரபணுத் துணுக்கு ஒன்று இருந்தாலும் அதை இரண்டாக, நான்காக, எட்டாகப் பெருக்கிக் கண்ணுக்குக் காட்டிவிடும் முறை அது. சீக்கிரமே தெரிந்துவிட்டால் மாதிரியில் கிருமி நிறைய இருக்கிறது என்று அர்த்தம். பல சுற்றுப் பெருக்கிய பிறகுதான் தெரிந்தால் கொஞ்சமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி அடிக்கடி நாங்கள் பார்க்கும் கிருமிகளில் ஒன்று நோரோ வைரஸ். ஆரோக்கியமானவர்களுக்கு அது இரண்டு மூன்று நாள் தொல்லை. குடம் குடமாக வாந்தி, பேதி, அப்புறம் எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவார்கள். பரவுவதில்தான் அது கெட்டிக்காரக் கிருமி. மிகக் கொஞ்சமாக வாய்க்குள் போனாலே போதும். கைக்குத் தடவும் சானிடைசருக்கு அது சரியாக அசைந்து கொடுக்காது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் போகும். தரையையும் குழாய்ப் பிடியையும் பிளீச் போட்டுத் துடைக்க வேண்டும். வாந்தி பேதி நின்று நாற்பத்தெட்டு மணி நேரமாவது ஆகும்வரை பிறருக்குச் சமைக்கக் கூடாது, வேலைக்கு வரக்கூடாது. ஆய்வுக்கூடத்துக்கு வரும் புதிய பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

அண்ணன் சேவியருக்கு என்னைவிட ஒன்பது வயது அதிகம். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயில் சிறுநீரகங்கள் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸில் கிடந்தார். அண்ணி ரீட்டாதான் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். பொருத்தம் பார்த்தபோது நானும் போயிருந்தேன், எனக்கு ஒத்துவரவில்லை. "எனக்கு ஒத்துப்போச்சு. இருபத்தாறு வருஷம் சண்டை போட்டதுக்கு இதுல ஒண்ணாவது ஒத்துப்போகட்டும்லா" என்று அண்ணி சிரித்தார். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அடுத்தவர் உறுப்பை உடம்பு எதிர்த்துவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் மாத்திரைகளை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். மற்றவர்களுக்குச் சாதாரணமாக வந்து போகிற கிருமி அவருக்கு அப்படிப் போகாது. இதுவும் எனக்குத் தெரியும்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆனதும் நன்றிப் பூசை கொடுத்துவிட்டு, உட்லண்ட்ஸில் அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு என்று முடிவாயிற்று. நாங்கள் மூன்று பேர் மட்டும். அண்ணி பிரியாணி செய்வதாகவும், நான் அன்னாசிப்பழமும் வெள்ளரிக்காயும் நறுக்கிப் பிசைந்து பச்சடி கொண்டுவருவதாகவும் பேச்சு.

அந்த வாரம் புதன்கிழமை என்னோடு வேலை செய்யும் ஒருவரின் பிறந்தநாள். பஃபே சாப்பிடப் போனோம். ஐஸ் மேல் வேகவைக்காத சிப்பிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதில் நோரோ இருக்கக்கூடும் என்று அந்த மேசையில் இருந்த எல்லாருக்குமே தெரியும். சிரித்துக்கொண்டே ஆளுக்கு நாலைந்து சாப்பிட்டோம். எனக்கு நோய் அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. வியாழன் சாயங்காலம் வேலை முடிந்து பேருந்தில் ஏறியதும் குமட்டியது. வீட்டுக்கு வந்து கதவைத் திறப்பதற்குள் வாந்தி.

மறுநாள் காலையில் கீழ்த்தளத்து கிளினிக்கில் ஊசி போட்டு, சனிக்கிழமை வரை எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, கொடுத்தார்கள். "ஏதோ ஸ்டமக் ஃப்ளூ" என்றார் டாக்டர். என் மாதிரியை என் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்பிப் பார்த்திருக்கலாம். அனுப்பவில்லை. சோம்பல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், கிருமியின் பெயர் தெரிந்துவிட்டால் அதற்குரிய விதியும் கூடவே வந்துவிடும் என்றுதான் அனுப்பாமல் இருந்திருக்கிறேன். பெயர் இல்லாதவரை அது வெறும் வயிற்றுக் கோளாறு.

கடைசியாக வாந்தி எடுத்தது வெள்ளி மாலை ஆறு மணிக்கு. சனிக்கிழமை கஞ்சி குடித்தேன், தெம்பு வந்தது. தேக்கா சந்தைக்குப் போய் நல்ல பழமாகப் பார்த்து வாங்கி வந்தேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு பச்சடி பிசைந்தேன். வெள்ளி ஆறிலிருந்து ஞாயிறு ஒன்பது வரை முப்பத்தொன்பது மணி நேரம். விரல் விட்டு எண்ணினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. 'கிட்டத்தட்ட ரெண்டு நாள்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. அண்ணிக்கு போன் போட்டு, "உடம்பு சரியில்லாம இருந்துச்சு அண்ணி, இன்னொரு வாரம் வச்சுக்கலாமா?" என்று கேட்டிருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. பூசைக்குச் சொல்லியாகிவிட்டது, ஆட்டிறைச்சி வாங்கியாகிவிட்டது, நான்தான் கெடுக்கிறேன் என்ற பேர் வரக்கூடாது. அவ்வளவு அற்பக் காரணம்.

அன்றைக்கு அண்ணன் பச்சடியை இரண்டு தடவை போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்கும் அண்ணனுக்கும் ஒரே நாளில் வாந்தி பேதி. அண்ணிக்கு மறுநாளே குறைந்துவிட்டது. அண்ணனுக்குக் குறையவில்லை. புதன்கிழமை காலையில் எழுந்து நிற்கவே முடியாமல் சாய்ந்துவிட்டார். நான் வேலை செய்யும் மருத்துவமனையில்தான் அவருக்கு மாற்று அறுவைச் சிகிச்சையும் நடந்தது, அதனால் அங்கேயே கொண்டுவந்தார்கள். தனி அறையில் போட்டார்கள். உள்ளே போக அங்கி, கையுறை. வெளியே வந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று கதவில் அட்டை தொங்கியது.

அன்று பிற்பகல் வேலைப் பட்டியலில் அண்ணன் பெயர் வந்தது. சொந்தக்காரர் மாதிரியை நானே தொடக்கூடாது என்று பக்கத்து மேசை ஹுவீ லிங்கிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து அவள் என் தோளில் கை வைத்து, "நோரோ. ரொம்ப சீக்கிரமே ஏறிடுச்சு, ஸ்டெல்லா" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கிருமி ஏராளமாக இருக்கிறது என்று பொருள். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். செவ்வாயிலிருந்து பின்னோக்கி எண்ணினால் ஞாயிறு மதியத்தில் போய் நிற்கிறது. கிருமி உள்ளே போய் நோயாக வெளிவர எடுக்கும் நேரம் அதுதான். இருவருக்கும் ஒரே நாளில் வந்திருக்கிறது என்றால் இருவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வாங்கியிருக்கிறார்கள்.

மாலையில் சிறுநீரக டாக்டர் அறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும் சீனப் பெண்மணி, எதையும் நிதானமாகச் சொல்பவர். "சமீபத்தில் உங்களைச் சுற்றி யாருக்காவது இந்த மாதிரி இருந்ததா?" என்று கேட்டார்.

அண்ணி உட்லண்ட்ஸில் ஒரு சைல்ட்கேர் குழந்தைக் காப்பகத்தில் ஆசிரியை. உடனே சொன்னார். "போன வாரம் என் கிளாஸ்ல ரெண்டு பிள்ளைங்க வாந்தி எடுத்தாங்க டாக்டர். நான்தான் துடைச்சேன்."

"அப்படியா. வேறு யாராவது?"

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். நான் அண்ணனின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு விநாடி இருக்கும். வாயைத் திறந்து, "எனக்கு இருந்தது" என்று சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதி முடித்துவிட்டுப் போய்விட்டார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் அண்ணி அழுதார். "என்கிட்ட இருந்துதான் வந்திருக்கு ஸ்டெல்லா. ஒரு கையால கிட்னியக் கொடுத்துட்டு இன்னொரு கையால நோயக் கொடுத்துட்டேன் பாரு." நான் அவரை அணைத்துக்கொண்டு, "அப்படியெல்லாம் சொல்லாதீங்க அண்ணி" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? அண்ணன் ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை கழிப்பறைக்குப் போனார். உடம்பில் நீர் வற்றியதும் சிறுநீரகம் திணறத் தொடங்கியது. இரத்தத்தில் கிரியேட்டினின் என்று ஒரு கழிவுப் பொருள் உண்டு. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அது குறைவாக இருக்கும், திணறினால் ஏறும். தினமும் காலையில் இரத்தம் எடுப்பார்கள், பத்து மணிக்கு அந்த எண் வரும். அண்ணி அதை ஒரு குட்டி நோட்டில் எழுதிக்கொள்வார். எண் ஏறிய நாளில் எங்கள் இருவருக்கும் சோறு இறங்காது.

மருந்து கொடுங்கள் என்றால், கொடுக்க மருந்து இல்லை. டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். இந்த வைரஸைக் கொல்வதாக நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை கிடையாது. மனிதரைத் தாக்கும் நோரோவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கவே பல காலம் முடியாமல் இருந்தது. வளர்க்க முடியாத கிருமி மேல் எந்த மருந்தைச் சோதிப்பது? இப்போதுதான் மனிதக் குடல் திசுவைப் போலச் சின்ன உருண்டைகளாக வளர்த்து அதில் கிருமியை வாழவைக்கக் கற்றிருக்கிறார்கள். வேறு நோய்க்கான மாத்திரை ஒன்றைச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை. அண்ணனுக்கும் கொடுத்தார்கள். கேட்கவில்லை.

"மிச்சம் ஒரு வழிதான்" என்றார் டாக்டர். "எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைக் குறைக்கிறேன். உடம்பு தானே கிருமியோடு சண்டை போடட்டும். ஆனால் அதே உடம்பு சிறுநீரகத்தோடும் சண்டைக்குப் போகலாம்."

அண்ணி தன்னையறியாமல் இடுப்பின் பக்கம் கையை வைத்துக்கொண்டார். அவரிடமிருந்து எடுத்த இடம் அது.

வீட்டில் அண்ணி பிளீச்சோடு போராடினார். தரை, கதவுப் பிடி, குழாய், மின்விசைப் பொத்தான்கள். கையுறை போடச் சொன்னால், அவசரத்தில் மறந்துவிடுவார். கைகள் சிவந்து, தோல் உரிந்து, விரல் இடுக்குகளில் வெடித்துவிட்டன. ஒரு நாள் மருத்துவமனைக் கழுவுதொட்டியில் அவர் கை கழுவிக்கொண்டே இருந்தார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. "போதும் அண்ணி" என்றேன். "இந்தக் கைதான் ஸ்டெல்லா" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். நான் காகிதத் துண்டை எடுத்து நீட்டினேன். என்னால் முடிந்த உதவி அன்றைக்கு அவ்வளவுதான்.

அண்ணன் மட்டும் அந்த அறையில் வேடிக்கை பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் அங்கியும் கையுறையுமாக வந்தால், "நிலாவுக்குப் போறீங்களா சிஸ்டர்?" என்பார். இரண்டு வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. கன்னம் ஒட்டிய முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆராய்ச்சி நர்ஸ் ஒருவர் வந்தார். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களின் உடம்பில் நோரோ ஏன் மாதக்கணக்கில் தங்குகிறது, எப்படி மாறுகிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று ஒரு குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. அண்ணனின் மாதிரிகளை வாராவாரம் எடுக்க அனுமதி கேட்டார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். "அடுத்தவங்களுக்காவது மருந்து கண்டுபிடிக்கட்டும்லா." கூடப் பழகியவர்களும் படிவம் நிரப்ப வேண்டும் என்று அண்ணியிடம் ஒன்றும் என்னிடம் ஒன்றும் கொடுத்தார்.

மூன்றாவது கேள்வி: கடந்த இரண்டு மாதங்களில் உங்களுக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்ததா? இருந்தால், தொடங்கிய தேதி.

பதினெட்டு வருடமாக நான் இப்படிப்பட்ட படிவங்களை நம்பித்தான் வேலை செய்கிறேன். யாரோ ஒருவர் தேதியைப் பொய்யாக எழுதினால் எல்லாமே தப்பாகப் போய்விடும். டாக்டரிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்த எனக்கு, காகிதத்தில் 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. தேதியை எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் அதைப் பார்த்தார், அண்ணியின் தேதியையும் பார்த்தார். கோப்பில் வைத்துக்கொண்டார். ஆராய்ச்சி முடிவுகளைத் தனித்தனியாக யாருக்கும் சொல்லமாட்டோம் என்பதை மட்டும் விளக்கிவிட்டுப் போனார்.

அண்ணியை மருத்துவமனைக் கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்தேன்.

"அண்ணி, அந்த ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி எனக்கு வாந்தி பேதி இருந்துச்சு. வெள்ளிக்கெழமை சாயங்காலந்தான் நின்னுச்சு. பச்சடியை நான் கையால பிசைஞ்சேன்."

அவர் புரியாமல் பார்த்தார். "என்ன சொல்றே?"

"உங்க சைல்ட்கேர் பிள்ளைங்ககிட்ட இருந்து வரல. என்கிட்ட இருந்து வந்திருக்கும்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமாத் தெரியாது. ஆனா தேதிய வச்சுப் பாத்தா..."

"எப்போ இருந்து உனக்கு இப்படித் தோணுது?"

"மொத நாள்ல இருந்தே."

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, லிஃப்ட் பக்கம் போனார். நான் பின்னால் போகவில்லை. அன்றிலிருந்து நான் காலையில் அண்ணனைப் பார்த்தால் அவர் மாலையில் வருவார். நான் மாலையில் வந்தால் அவர் கிளம்பிவிடுவார். அண்ணனிடம் அவரே சொல்லியிருந்தார். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு பாப்பா. நீ வேணும்னா செஞ்சே?" என்றார். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

டாக்டர் பயந்தது நடந்தது. மாத்திரை குறைத்த இரண்டாம் மாதம் பேதி பாதியாகக் குறைந்தது, ஆனால் கிரியேட்டினின் ஏறியது. முதுகு வழியாக ஊசி செலுத்திச் சிறுநீரகத்தில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். மாற்றிவைத்த சிறுநீரகம் அடிவயிற்றின் முன்பக்கம் இருப்பதால் அங்கேயே ஊசி போட்டார்கள். உடம்பு சிறுநீரகத்தை எதிர்க்க ஆரம்பித்துவிட்டது என்று முடிவு வந்தது. மூன்று நாள் கனத்த ஸ்டீராய்டு ஏற்றி அடக்கினார்கள். அடக்கியதும் கிருமி மறுபடி தலைதூக்கியது. இப்படி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று கயிற்றின் மேல் நடப்பதுபோல் நடந்து, ஐந்தாவது மாதத்தில்தான் ஹுவீ லிங் என் மேசைக்கு வந்து, "நெகட்டிவ்" என்றாள். அடுத்த வாரமும் நெகட்டிவ்.

சிறுநீரகம் பிழைத்துவிட்டது. ஆனால் எண் பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய உறுப்பு எத்தனை ஆண்டை இழந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நாற்பத்தெட்டு மணி நேரம் பொறுத்திருந்தால் அண்ணன் தப்பித்திருப்பாரா? அதுவும் தெரியாது. உடம்பு சரியான பிறகும் இரண்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும், கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். அவரைப் போன்றவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் ஒரு மாதம் கழித்துப் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். அந்த வார்த்தையைத்தான் இதைப் படிப்பவர்களிடமும் கேட்கிறேன். உங்களுக்கு வயிறு சரியில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். விருந்து இன்னொரு வாரம் நடக்கும்.

போன மாதம் அண்ணனின் பரிசோதனை நாளில் அண்ணி தானே போன் செய்து என்னை வரச் சொன்னார். இரத்தம் கொடுக்க அண்ணன் உள்ளே போனதும், நாங்கள் இருவரும் காத்திருக்கும் இடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி திரையில் ஓடும் அழைப்பு எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதரும் உங்க அண்ணனும் மன்னிச்சிரு மன்னிச்சிருன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க" என்றார். "கிருமிய நீ கொண்டாந்ததுக்கு நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் ஸ்டெல்லா. அது யாருக்கும் நடக்கும். என் கிளாஸ் பிள்ளைங்க மேல எனக்குக் கோவமா வந்துச்சு? ஆனா இருபது நாளு நான் என் கையப் பாத்துப் பாத்து அழுதேனே, நீ பக்கத்துலயே இருந்தியே. அத எப்படி மன்னிக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல."

"தெரியாட்டி பரவாயில்ல அண்ணி" என்றேன்.

அண்ணன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தார். திரையில் அவர் எண் வந்தது. அண்ணி எழுந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் நாற்காலியிலேயே இருந்தேன். கதவருகே போன அண்ணி திரும்பிப் பார்த்தார்.

"அங்க என்ன உக்காந்திருக்கே? வா. டாக்டர் சொல்றது பாதி எனக்குப் புரியாது."

எழுந்து போனேன்.